உதடு மரத்தது, பல் மரக்கவில்லை

என் இடது தாடையை உடைத்தவள், கிணறு வெட்டும் இடத்தில் கல் சுமக்கிற ஒரு பெண். எழுபதுகளின் தொடக்கம். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நான் பல் டாக்டராகச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. ஊர்ப் பேர் வேண்டாம். அந்தக் குடும்பம் இன்னும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

அப்போது நான் எப்படிப்பட்ட டாக்டராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வேகமான டாக்டர். சந்தை நாளில் என் அறை வாசலில் நாற்பது பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு முன்னால் அந்த ஊரில் பல் பிடுங்கியவர்கள் மரத்தடியில் நாலு பேரை வைத்து அமுக்கிப் பிடித்துக் குறட்டால் பிடுங்கியவர்கள். நான் ஊசி போட்டுப் பிடுங்குகிறவன் என்பதே பெரிய பேராக இருந்தது. ஊசி என்றால் கண்ணாடி சிரிஞ்சு. நீளமான ஊசியைக் கல்லில் தீட்டி, தண்ணீரில் கொதிக்கவைத்து, திரும்பத் திரும்பப் போடுவோம். ஒரு லாரி டிரைவர் என் விரலைக் கடித்து எலும்பு தெரிய வைத்திருக்கிறார். இன்னொருவர் உதைத்த உதையில் கருவித் தட்டு ஜன்னலுக்கு வெளியே போய் விழுந்தது. அதனால் நானும் முரட்டுத்தனத்துக்குப் பழகிவிட்டிருந்தேன்.

எனக்கு உதவியாக, காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். அந்த ஊரிலேயே இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். நோயாளியின் தலையைத் தன் முழங்கை மடிப்பில் வைத்து இறுக்கினார் என்றால் அந்தத் தலை ஒரு அங்குலம் நகராது. அவருடைய பிடியிலும் என் வேகத்திலும் எங்கள் இருவருக்கும் பெருமைதான்.

முகத்து நரம்புகள் எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன். அறுபதுகளில் சென்னையில் படித்தபோது ஒரு பிணத்தின் தலையை நடுவில் இரண்டாக அறுத்துப் பார்த்தோம். ரம்பம் பிடித்தவன் நான்தான். மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு மூன்றாகப் பிரிகிறது. ஒன்று கண்ணுக்கு, ஒன்று மேல்தாடைக்கு, ஒன்று கீழ்த்தாடைக்கு. கீழ்த்தாடைக்கு வரும் கிளை காதுக்குக் கீழே, தாடை எலும்பின் உள்பக்கத்தில் ஒரு சிறு துவாரம் வழியாக எலும்புக்குள் நுழைகிறது. எலும்புக்கு உள்ளேயே ஓடி ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு இழை கொடுத்துவிட்டு, மிச்சம் முகவாய்ப் பக்கம் வெளியே வந்து கீழுதட்டில் முடிகிறது. அந்தத் துவாரத்தின் வாசலில் மருந்தை விட்டால் அந்தப் பக்கத்துப் பற்களும் பாதி உதடும் மரத்துப்போகும். ஆகவே உதடு மரத்துவிட்டால் பல்லும் மரத்துவிட்டது என்று அர்த்தம். பரீட்சையில் இப்படித்தான் எழுதினேன். மார்க்கும் வந்தது.

ஒரு சந்தை நாளில் அவள் புருஷனோடு வந்தாள். முப்பது வயதிருக்கும். கிணற்றுப் பாறைக்கு வெடி வைத்துச் சிதறிய கல்லைக் கூடையில் சுமந்து மேலேற்றுகிற வேலை. தோளும் முன்கையும் கயிறு முறுக்கின மாதிரி இருந்தன. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எங்களோடு பேசும்போது அந்தப் பக்கத்துத் தமிழ். இடது கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி, வேரில் சீழ் கோத்து, கன்னம் வீங்கியிருந்தது. மூன்று நாளாகத் தூக்கமில்லை என்று புருஷன் சொன்னான். அவனை வெளியே நிற்கச் சொன்னேன்.

"வா, உக்காரு. வாயத் தொற."

ஊசி போட்டேன். பித்தளைப் படிக்கத்தை எச்சில் துப்ப அவள் மடியில் வைத்தார் டிரஸ்ஸர். நாலைந்து நிமிடம் விட்டிருப்பேன். வாசலில் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது.

"உதடு மரத்துப்போச்சா?"

"மரத்துப்போச்சுங்க. தடிச்ச மாதிரி இருக்குதுங்க."

ஊசி முனையால் கீழுதட்டில் குத்தினேன். அவள் அசையவில்லை. அது போதும் எனக்கு. குறட்டைப் பல்லில் பூட்டி அசைத்தேன்.

"வலிக்குதுங்க."

"வலிக்காது. அழுத்துறதுதான் தெரியும்."

"இல்லைங்க, உள்ள வலிக்குதுங்க. நிறுத்துங்க."

"உதடு மரத்துப்போச்சுன்னு நீதானே சொன்ன? அப்புறம் பல்லு மட்டும் எப்படி வலிக்கும்? சும்மா ஆடாத."

டிரஸ்ஸரைப் பார்த்தேன். அவர் அவள் தலையை முழங்கையில் இறுக்கி, இடது கையால் அவள் இடது கையை நாற்காலிப் பிடியோடு சேர்த்து அமுக்கினார். நான் முழு பலத்தையும் மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து பல்லை வெளிப்பக்கம் திருகினேன். அவள் தொண்டையிலிருந்து, "நொப்பி, நொப்பி," என்று வந்தது. தெலுங்கில் வலி. அந்த வார்த்தை எனக்குத் தெரியும். தெரிந்தும் இன்னொரு முறை திருகினேன். பல் ஈறுக்கு மேலே முறிந்து குறட்டோடு வந்தது. வேர்கள் உள்ளேயே நின்றுவிட்டன. உடைந்த இடத்தில் நரம்புச் சதை சிவப்பாகத் தெரிந்தது. நெம்பி எடுத்துவிடலாம் என்று வேறு கருவியை எடுத்து அதே இடத்தில் குத்தினேன்.

அவளுடைய வலது கையை யாரும் பிடித்திருக்கவில்லை.

படிக்கம் வருவதை நான் பார்க்கவில்லை. சத்தத்தைத்தான் முதலில் கேட்டேன். அது வெளியே கேட்கவில்லை, என் மண்டைக்குள் கேட்டது. காய்ந்த குச்சியை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். நாற்காலிக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் விழுந்தேன். வாயை மூடினால் பற்கள் பொருந்தவில்லை. நாக்கால் தடவினேன். கடைசிப் பல்லுக்குப் பக்கத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு இறக்கம். எலும்பு கோணத்தில் முறிந்து விலகிவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

டிரஸ்ஸர் அவளை ஓங்கி அறைந்தார். வீங்கின கன்னத்திலேயே அறைந்தார். அவள் திரும்பக் குனிந்து அவர் முன்கையைக் கடித்தாள். "டாக்டரை அடிச்சுட்டா" என்று யாரோ கத்த, வாசலில் இருந்த கூட்டம் உள்ளே புகுந்தது. அவள் புருஷன்தான் முதலில் ஓடி வந்தான், என்னவென்று பார்க்க. ஐந்தாறு ஆண்கள் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் ஒன்றும் செய்யவில்லை, யாரையும் தொடக்கூட இல்லை. சுவரோடு சேர்த்து வைத்து முகத்தில் குத்தினார்கள். கீழே விழுந்ததும் மிதித்தார்கள். அவன் முன்பற்கள் இரண்டு என் கண்ணெதிரில் சிமெண்டுத் தரையில் தெறித்து உருண்டன.

விடுங்க என்று சொல்லப் பார்த்தேன். தாடை அசையவில்லை. ரத்தமும் ஊ என்ற சத்தமும்தான் வந்தன. பக்கத்தில் நின்றவனின் காலைப் பிடித்து இழுத்தேன். தூக்கிவிடச் சொல்கிறேன் என்று நினைத்து அவன் என் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். அங்கிருந்து மீதி அடி முழுவதையும் பார்த்தேன். ஆஸ்பத்திரிப் பொறுப்பு டாக்டர், ஐம்பது வயது அம்மா, ஸ்டெதாஸ்கோப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்து அந்த ஆண்களின் முதுகில் அடித்த பிறகுதான் அவர்கள் விலகினார்கள். அதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அவளை உடைந்த பல்லோடும் வாயில் வழியும் ரத்தத்தோடும் அழைத்துப் போனார்கள்.

என் தாடைக்கு வைத்தியம் சேலத்தில்தான். பஸ்ஸில் போகலாம். கணவாய் வளைவுகளில் பஸ் குலுங்கும், வேண்டாம் என்று கையை ஆட்டினேன். தாடையைத் துணியால் தலையோடு சேர்த்துக் கட்டி, பொம்மிடிக்கு ஒரு காரில் கொண்டுபோய் ரயிலேற்றினார்கள். ரயிலும் மோசம்தான். தண்டவாளத்தின் ஒவ்வொரு இணைப்பும் எலும்பின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று உரசவைத்தது. டிரஸ்ஸர் கடிபட்ட கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். வழியில் ஒருமுறை, "நான் ரெண்டு கையையும் புடிச்சிருக்கணும் சார்," என்றார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது.

சேலத்தில் கல்லூரியில் எனக்கு மூத்தவராக இருந்த ஒருவர் தனியாகப் பல் மருத்துவமனை வைத்திருந்தார். மேல் பற்களையும் கீழ்ப் பற்களையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, எலும்பு கூடும்வரை ஆறு வாரம் வாயைப் பூட்டிவைக்க வேண்டும். அதற்கு முன் மரப்பு ஊசி. என் வாய் ஒரு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. இருந்தும் அவர் உள்பக்கமாகவே ஊசியைச் செலுத்தினார். வீக்கத்தில் அடையாளங்கள் எல்லாம் இடம் மாறியிருந்தன. மருந்து எங்கேயோ போனது. அவர் எலும்பை இழுத்துப் பொருத்தத் தொடங்கியதும் கண்ணுக்கு முன்னால் வெள்ளையாகிவிட்டது. நான் முனகினேன்.

"அழுத்துறதுதான்டா தெரியும். உனக்குத் தெரியாததா?" என்றார்.

நான் இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். விடச் சொன்னார். விடவில்லை. நகம் பதிந்து அவர் கையில் ரத்தம் வந்தது. அவர் கோபத்தோடு என் முகத்தைப் பார்த்தார்; பிறகு கருவியைக் கீழே வைத்தார். வெளிப்பக்கமாக, கன்ன எலும்புக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் ஊசியை நேராக உள்ளே விட்டார். ஆழத்தில் ஒரு எலும்புத் தகட்டில் ஊசி இடித்தது. சற்று வெளியே எடுத்துப் பின்பக்கம் சாய்த்து மறுபடி விட்டார். கீழ்த்தாடை முழுவதும் ஒரு மின்சாரம் பாய்ந்தது. நரம்பு மண்டையோட்டை விட்டு வெளியே வருகிற இடம் அது. சிறிது நேரத்தில் முகத்தின் அந்தப் பக்கமே இல்லாதது போல ஆனது. கம்பி கட்டும்போது எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அங்கே பத்து நாள் இருந்தேன். கடைசிப் பல்லுக்குப் பின்னால் ரப்பர் குழாய் விட்டுக் கஞ்சி. இடது பாதிக் கீழுதடு மரத்தே கிடந்தது. எலும்பு முறிந்தபோது உள்ளே ஓடும் நரம்பும் கிழிந்திருக்கிறது. கஞ்சி வழிந்தால் சட்டையில் விழுந்த பிறகுதான் தெரியும்.

அவர் மேஜையில் ஒரு மண்டையோடு இருந்தது. பொழுது போகாமல் கீழ்த்தாடையைக் கழற்றி உள்பக்கத்தை விரலால் தடவினேன். நரம்பு நுழைகிற துவாரம். அதன் விளிம்பிலிருந்து கீழே முன்பக்கமாகச் சரிந்து ஓடும் ஒரு மெல்லிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஓடுவது ஒரு சின்னக் கிளை. துவாரத்துக்குள் நுழைவதற்கு முன்பே பெரிய நரம்பிலிருந்து பிரிந்து, வாயின் அடித்தளத் தசைக்குப் போவது. கல்லூரியில் மஞ்சள் பென்சிலால் அதை வரைந்து, தசைக்கான நரம்பு என்று எழுதியிருக்கிறேன். சிலருக்கு அந்தக் கிளை கடைவாய்ப் பல்லுக்கும் ஒரு இழை கொடுத்துவிடும். அவர்களுக்கு உதடு முழுக்க மரத்திருக்கும், பல் உயிரோடு இருக்கும். சீழ் கோத்த இடத்தில் மருந்து சரியாக வேலை செய்யாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் படித்திருந்தேன். அவள் நாற்காலியில் இருந்தபோது இரண்டில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் வலிக்குது என்று சொன்னவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒரு கிழவர், கர்ப்பிணி ஒருத்தி, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். எல்லோரையும் ஆடாதே என்றுதான் சொல்லியிருந்தேன்.

பதினோராம் நாள், துணிமணி எடுத்துக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விடலாம் என்று ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பொறுப்பு டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் நலம்கூட விசாரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு பெயில்ல வந்து நம்ம வார்டுலதான் கிடக்குறா. பெனிசிலின் போட்டு வீக்கத்தை இறக்கி வச்சிருக்கேன். நீங்க உடைச்ச பல்லோட வேரு இன்னும் அவ வாயிலதான் இருக்கு. எடுத்துட்டு அப்புறம் போங்க."

பற்களுக்கு நடுவே காற்றை ஊதித்தான் என்னால் பேச முடிந்தது. "சேலத்துக்கு அனுப்பலாமே?"

"போக மாட்டேங்கிறா. எங்க போனாலும் அமுக்கித்தானே புடிப்பாங்கன்னு கேக்குறா."

வார்டில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கன்னத்தில் வீக்கம் குறைந்திருந்தது. கண்ணுக்குக் கீழே வேறொரு காயம் கறுத்திருந்தது. காவலில் இருந்த இரண்டு நாளில் ஒரு கான்ஸ்டபிள் அறைந்தது என்று புருஷன் சொன்னான். அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். பேசும்போது முன்பல் இல்லாத இடத்தில் காற்று போயிற்று. எங்கள் இருவர் பேச்சும் ஒரே மாதிரி இருந்தது.

அவள் திரும்பி என் வாயில் இருந்த கம்பிகளைப் பார்த்தாள்.

"கூடிருச்சுங்களா?"

"கூடிட்டு இருக்குது. ஆறு வாரம் ஆகும்."

"சாப்பாடு?"

"கஞ்சிதான்."

"எனக்கும் கஞ்சிதானுங்க," என்றாள்.

மறுநாள் காலை என் அறையில் உட்காரவைத்தேன். டிரஸ்ஸரை வெளியே இருக்கச் சொன்னேன். அவருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "மறுபடியும் அவ அடிச்சா என்ன சார் பண்ணுவீங்க?" என்றார். அவர் பித்தளைப் படிக்கத்தைத் தூக்கிக்கொண்டு போய், அதற்குப் பதில் ஒரு எனாமல் குவளையைக் கொண்டுவந்து வைத்தார். டாக்டரம்மா ஜன்னலோரம் நின்றார்கள்.

"வலிச்சா கையத் தூக்குங்க. தூக்குன உடனே நிறுத்திருவேன்," என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமா."

உள்பக்கம் துவாரத்தின் வாசலில் ஒரு ஊசி. கன்னப் பக்கத்து ஈறுக்கு ஒன்று. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உதட்டைத் தொடவில்லை. முனை மெலிந்த கருவியால் உடைந்த வேரையே தட்டினேன். கை தூக்கினாள். நிறுத்தினேன். நாக்குப் பக்கமாக, பல்லின் வேருக்குக் கீழே அந்தச் சின்னக் கிளை ஓடும் இடத்தில் ஒரு ஊசி. மறுபடி காத்திருந்தேன். தட்டினேன். கை தூக்கினாள். வலியா, இல்லை நான் நிறுத்துகிறேனா என்று பார்க்கிறாளா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. எதுவானாலும் நிறுத்தினேன். மேலும் கொஞ்சம் மருந்து. மூன்றாம் தடவை தட்டியபோது கை மடியிலேயே இருந்தது. அழுத்தித் தட்டினேன். இருந்தது. வேர்களைப் பிளந்து இரண்டாக எடுத்தேன். முழுதாக முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். அப்படியானால் அன்றைக்கும் இப்படிச் செய்திருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. அவள் கேட்டுவிடுவாளோ என்ற பயத்தில் நான் குவளையைக் கழுவப் போனேன்.

அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்தார். வேலையில் இருந்த அரசாங்க டாக்டரை அடித்து எலும்பை உடைத்த கேஸ். சட்டத்தில் அது கொடுங்காயம். "பொம்பள அடிச்சா இப்படி ஒடையுமா சார்?" என்று சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினார். எனக்குப் பேசச் சிரமம் என்பதால் நானே எழுதினேன். அவள் வலிக்கிறது என்று மூன்று முறை சொன்னாள், நான் நிறுத்தவில்லை. என் உத்தரவின் பேரில்தான் டிரஸ்ஸர் கையைப் பிடித்தார். அவள் புருஷன் யாரையும் தொடவில்லை, அவனை அடித்தவர்களின் முகம் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எழுதினேன்.

அவர் படித்தார். "இப்படி எழுதினா கேஸ் நிக்காது சார். உங்களுக்குத்தான் மேல இருந்து கேள்வி வரும்."

"வரட்டும்."

"அடிபட்டது நீங்க. யோசிச்சு எழுதுங்க."

மாற்றி எழுதவில்லை. அவர் சொன்னபடியே மெமோ வந்தது. நோயாளியிடம் கவனக்குறைவாக நடந்துகொண்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கத்திலும் அதையே எழுதினேன். ஊதிய உயர்வை நிறுத்தி, மாவட்டத்தின் இன்னொரு மூலைக்கு மாற்றினார்கள். புருஷனை அடித்தவர்கள் மேல் எந்தக் கேஸும் பதிவாகவில்லை. நான் அந்த ஊரை விட்டுக் கிளம்புவதற்குள் அதில் ஒருவர் என்னிடமே பல் காட்ட வந்தார். பார்த்து அனுப்பினேன். அவருக்கு ஊசி போடும்போது ஒரு கணம் வேகமாகப் போட்டுவிடலாம் என்று தோன்றியதை மறைக்க விரும்பவில்லை. போடவில்லை. அவ்வளவுதான்.

மாற்றலுக்கு முன் புருஷனுக்கு அளவெடுத்து, முன்பல் இரண்டும் வைத்த ஒரு தட்டு செய்துகொடுத்தேன். இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "சோத்து ருசி தெரியலீங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கோர்ட்டுக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டபோது கம்பி பிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. உதட்டில் எறும்பு ஊர்வது போல உணர்ச்சி திரும்பத் தொடங்கியிருந்தது. மாஜிஸ்திரேட் என் வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, நீங்கள் எழுதியதா என்று கேட்டார். நான்தான் என்றேன். அன்று பிற்பகலே அவளை எச்சரித்து அனுப்பிவிட்டார்.

வெளியே பஸ்ஸுக்கு நின்றபோது அவர்கள் இருவரும் எனக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். புருஷன் கும்பிட்டான். அவள் ரோட்டைத் தாண்டி வந்தாள். நேராக என் இடது தாடையைப் பார்த்துப் பேசினாள்.

"நா அடிச்சது தப்புன்னு சொல்ல மாட்டேனுங்க. அந்த மாரி வலி."

"சரி."

"ஆனா ஒடயற அளவுக்கு அடிச்சிருக்க வேணாம். கல்லுத் தூக்குற கையிங்க. அளவு தெரியல."

அன்றைக்கு எனக்கும் அளவு தெரியவில்லை என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் எதிர்ப்பக்கம் அவர்களுடைய பாப்பிரெட்டிப்பட்டி பஸ் வந்துவிட்டது. கூடை, சாக்கு, கோழி எல்லாவற்றோடும் ஆட்கள் முட்டிக்கொண்டு ஏறினார்கள். அவள் ரோட்டைத் தாண்டி ஓடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, இன்னொரு கையால் புருஷனை இழுத்து உள்ளே ஏற்றினாள்.